டீமோடு போன லேடி ஸ்டாஃப்

எங்கள் கல்லூரியில் நாலு வருஷம் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் டீம் இருந்தது. பெண்கள் டீம். இதைச் சொன்னால் பெரம்பலூரில் யாரும் நம்புவதில்லை. ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பதுதானே என்பார்கள். இது கையால் எறிகிற ஆட்டம் என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்துவிடும். போன மாதம் கல்லூரி மலருக்காக டீமைப் பற்றி அரைப் பக்கம் கேட்டார்கள். எந்தெந்த வருஷம் எங்கே போனோம், எத்தனை ஆட்டம் ஜெயித்தோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் அங்கே நூலகர். கல்லூரி பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள் நாள் முழுக்க ஓடும். நூலகத்தின் ரோட்டுப் பக்க ஜன்னலைத் திறந்தால் மேஜைமேல் வெள்ளையாகப் படியும் என்பதால் அதை மூடியே வைத்திருப்பேன். பிள்ளைகள் பரீட்சை சமயத்தில் வருவார்கள். மற்ற நாட்களில் செய்தித்தாள் படிக்க வருகிற வாட்ச்மேன்தான் என்னுடைய முக்கியமான வாசகர்.

அம்மாவும் நானும் பெரம்பலூர் பாலக்கரை பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்தார்கள், அமையவில்லை, பிறகு பார்க்கிறவர்களும் இல்லாமல் போனார்கள். எனக்கு முப்பத்தொன்பது வயதானபோது அம்மா இறந்தார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை மாலை கல்லூரி பஸ்ஸை விட்டு இறங்கினால் திங்கட்கிழமை காலை பஸ் ஏறும்வரை பேசுவதற்கு ஆளில்லாத வாரங்கள் நிறைய இருந்தன. மளிகைக் கடையில் 'அரைக் கிலோ துவரம் பருப்பு' என்று சொன்னதுதான் அந்த இரண்டு நாளில் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை என்று ஒருமுறை கவனித்தேன். கவனித்த பிறகு அது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அம்மா போய் இரண்டு வருஷம் கழித்து ஒரு மதியம் பி.டி. சார் நூலகத்துக்கு வந்தார். எங்கள் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர். வாலிபால் ஆடியவர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சென்னையில் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தவர், இரண்டு பந்துகளும் ஒரு பை நிறைய பெல்ட்டுகளும் கொண்டு வந்திருந்தார். முதலில் பையன்களை வைத்துத்தான் ஆரம்பித்தார். அந்த ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் மோதித் தள்ளலாம். தலைக்கும் தோளுக்கும் கவசம் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். எங்கள் பையன்கள் டீ ஷர்ட்டோடு மோதினார்கள். மூன்றாவது வாரமே மெக்கானிக்கல் பையன் ஒருவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. பிரின்சிபால் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பந்தும் பெல்ட்டும் மிச்சம்.

"பொண்ணுங்க ஆடுறதுக்கு வேற மாதிரி ஒண்ணு இருக்குங்க மேடம்," என்றார் பி.டி. சார். "இடுப்புல பெல்ட்டு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ரிப்பன் தொங்கும். பந்து வெச்சிருக்குறவ ரிப்பன உருவிட்டா அவ அங்கயே நிக்கணும். மோதல், தள்ளல் எதுவும் கெடயாது. பிரின்சிபால் ஒரே கேள்விதான் கேட்டாரு. தொடுவாங்களான்னு. தொட்டா ஃபவுல் சார்னேன். கையெழுத்துப் போட்டுட்டாரு."

"நல்லது சார்," என்றேன். என்னிடம் ஏன் சொல்கிறார் என்று புரியவில்லை.

"வெளியூர் மேட்ச்சுக்குப் பொண்ணுங்கள அழைச்சுட்டுப் போணும்னா ஒரு லேடி ஸ்டாஃப் கண்டிப்பா வேணும். மத்த மேடங்களக் கேட்டுட்டேன். எல்லாருக்கும் பிள்ளைங்க, மாமியாருன்னு இருக்கு. உங்களுக்குன்னா..." கொஞ்சம் தயங்கினார். "வூட்ல யாரும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க, இல்லிங்களா?"

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான்.

"மாட்டாங்க சார்," என்றேன். "வரேன்."

ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். ஏழில் ஐந்து பேர்தான் ஒரு நேரத்தில் ஆட முடியும். ஒருத்தி நடுவில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் கொடுப்பாள். வாங்குகிறவள் எறிவாள். மற்றவர்கள் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். நாலு வாய்ப்புக்குள் பாதி மைதானத்தைத் தாண்ட வேண்டும், அடுத்த நாலு வாய்ப்புக்குள் கடைசிக் கோட்டை. அந்தப் பந்து இரண்டு பக்கமும் கூராக, நடுவில் உப்பி இருக்கும். பெண்கள் அதற்குப் பலாக்கொட்டை என்று பெயர் வைத்தார்கள். தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. எங்கள் மைதானம் கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்து வெடிப்பில் மாட்டிக்கொள்ளும். மழை பெய்தால் செருப்போடு காலும் வராது.

மாலையில் கல்லூரி பஸ் கிளம்பிவிடும் என்பதால் கடைசி வகுப்பு நேரத்தில்தான் பயிற்சி. கால அட்டவணையில் அந்த நேரத்துக்கு 'நூலகம்' என்று போட்டிருந்தது. அதனால் நானே நூலகத்தைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போவேன். முதல் மாதம் வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் தோடு, வளையல், செயின் எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் தருவார்கள். ஒரு பெரிய கைக்குட்டையில் ஒவ்வொருத்தியுடையதையும் தனித்தனி முடிச்சாகப் போட்டு மடியில் வைத்துக்கொள்வேன்.

எறிவதற்கு ஆள் தேடித் தேடிப் பி.டி. சார் அலுத்துப்போன சமயத்தில்தான், ஏழாவது ஆளாகச் செந்துறைப் பெண் வந்தாள். பி.எஸ்சி. கணிதம் முதல் வருஷம். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். ஒரு நாள் வரிசையில் நின்று, முறை வந்ததும் பந்தை ஒரு கையில் எடுத்தாள். ஓடிக்கொண்டிருந்த ஜெயங்கொண்டத்துப் பெண்ணைப் பார்த்தாள். எறிந்தாள். பந்து அவளுக்கு இரண்டு எட்டு முன்னால், நெஞ்சு உயரத்தில் இறங்கியது. ஓடியவள் கையை நீட்டினால் போதும் என்று இருந்தது.

பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "எங்கம்மா கத்துக்கிட்ட?"

"கத்துக்கல்லாம் இல்ல சார். எங்க மக்காச்சோளத்துல மயிலு எறங்கும். மண்ணாங்கட்டி எடுத்து வீசுவோம். மயிலு மேல பட்டா கேஸாயிரும். அதனால மேல படாம, அது போற பக்கமா வுழுற மாதிரி வீசணும்."

அன்றிலிருந்து எறிவது அவள்தான். நாலு வருஷமும் டீம் என்றால் அவள்தான்.

இரண்டு மாதத்தில் சனிக்கிழமை காலையிலும் பயிற்சி ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை, நடுவில் குனிந்து பந்து கொடுக்கிற ஏலாக்குறிச்சிப் பெண் வரவில்லை. பி.டி. சாரும் லீவு. செந்துறைப் பெண் மரத்தடிக்கு வந்தாள்.

"மேடம், நீங்க நில்லுங்களேன்."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரிய வேணாம் மேடம். குனிஞ்சு பந்தப் பின்னால என்கிட்ட குடுக்கணும். குடுத்துட்டு ஓடணும்."

"எங்க ஓட?"

"நேரா அந்தக் கோடு வரைக்கும். திரும்பிப் பாக்காதீங்க. நான் கூப்புடுறப்ப மட்டும் பாருங்க."

நல்லவேளையாக அன்று சுடிதார் போட்டிருந்தேன். கைக்குட்டை முடிச்சை மரக்கிளையில் கட்டிவிட்டு வந்து குனிந்தேன். பந்தைக் கொடுத்தேன். ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் ஓடியதே இல்லை. பஸ் போய்விட்டால்கூட அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற ஆள். மூச்சு வாங்கி, கால் தடுமாறி, பாதி தூரம் போயிருப்பேன். "மேடம்" என்று குரல் கேட்டது. திரும்பினேன். பந்து வந்து கையில் உட்கார்ந்தது. நான் பிடித்தேன் என்று சொல்ல முடியாது. நான் இன்னும் போய்ச் சேராத ஓர் இடத்துக்கு அவள் அதை அனுப்பியிருந்தாள், நான் போய்ச் சேர்ந்தேன்.

பெண்கள் கை தட்டினார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வலிக்கிற காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குள் ஒரு சத்தம் இருந்த மாதிரி இருந்தது.

அதன் பிறகு பயிற்சிக்கு ஆள் குறைந்த நாளெல்லாம் நான்தான். வார நாளில் ஆள் இருப்பார்கள். சனிக்கிழமை வகுப்பு கிடையாது, பெண்கள் அவரவர் ஊரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வர வேண்டும், அதனால் குறையும். எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் போதுமானதாக இருந்தன. காலை ஏழு மணிக்கே இட்லி சுட்டு ஒரு டப்பாவில் அடைத்துவிடுவேன். ஏழு பேருக்கு. மிஞ்சினால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு.

எறிவதற்கு முன் எல்லாரும் வட்டமாக நின்று என்ன செய்யப் போகிறோம் என்று பேசிக்கொள்ள வேண்டும். மற்ற டீம்கள் ஆங்கிலத்தில் நம்பர் சொல்வார்கள். எங்கள் பெண்கள் ஊர்ப் பெயர் வைத்தார்கள். 'செந்துறை' என்றால் இடது பக்கம் ஓடுவது. 'ஜெயங்கொண்டம்' என்றால் வலது பக்கம் கிட்டத்தில் எறிவது. 'ஏலாக்குறிச்சி' என்றால் எல்லாரும் நேராக ஓட வேண்டும், அவள் தூரமாக எறிவாள். எதிர் டீம் முழித்துக்கொண்டு நிற்கும்.

முதல் வருஷம் மதுரைக்குப் போனோம். ஆடிய மூன்று ஆட்டமும் தோல்வி. ஒரு கல்லூரி வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரும் தரையில் படுத்தோம். காலையில் தண்ணீர் நின்றுவிடும் என்று ஐந்து மணிக்கே எழுப்பி ஒவ்வொருத்தியையும் குளிக்க அனுப்பினேன். தலை பின்னிவிட்டேன். கடைசியில் நான் சீப்பை எடுத்தபோது செந்துறைப் பெண் அதை வாங்கிக்கொண்டாள்.

"உட்காருங்க மேடம். உங்களுக்கு நான் பின்னிவுடுறேன்."

அம்மாவுக்கு நோய் வந்த பிறகு என் தலையில் வேறொருவர் கை பட்டதில்லை. அவள் சிக்கெடுத்துச் சிக்கெடுத்துப் பின்னினாள். அவளுக்கு அது ஒன்றுமில்லை. வீட்டில் தங்கச்சிகளுக்குப் பின்னுகிறவள். நான் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கண் நிறைந்திருந்தது.

இரண்டாம் வருஷம் ஒரு ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாம் வருஷம் ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் செந்துறைப் பெண் எறிவதைப் பார்க்க மற்ற டீம்கள் வந்து நின்றன. சென்னைக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர், என் வயதுப் பெண், ஆட்டம் முடிந்ததும் வந்து அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தார். போகும்போது டீம் படிவத்தில் இருந்த என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

அவர் மே மாத ஆரம்பத்தில் கூப்பிட்டார். கடைசி வருஷப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

"மேடம், உங்க பொண்ணு எம்.எஸ்சி. பண்றதா இருந்தா எங்ககிட்ட அனுப்புங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஃப்ரீ சீட். ஹாஸ்டலும் ஃப்ரீ. பதினாறாம் தேதி ட்ரையல். வந்து நாலு தடவை எறிஞ்சு காட்டினா போதும்."

"சொல்றேங்க," என்றேன்.

நூலக அட்டை ஒன்றின் பின்புறம் 'பதினாறு, காலை ஒன்பது' என்று எழுதி மேஜை டிராயரில் வைத்தேன். அன்று தேதி ஏழு.

அன்று அவளுக்குப் பரீட்சை இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் வந்தாள், கூட இரண்டு பெண்கள் இருந்தார்கள். தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் தனியாக வந்தாள். பழைய கேள்வித்தாள் கட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் படிக்கிற மேஜைக்கும் என் டிராயருக்கும் நாலு அடி தூரம்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது சொன்னாள். "மேடம், எம்.எஸ்சி. இங்கயே அப்ளிகேஷன் குடுத்துடலாம்னு இருக்கேன். வேற எங்கயும் கேட்டுப் பாக்கலாமா?"

அவள் கேட்டாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. கேட்கவே செய்தாள்.

"இங்கயே குடும்மா," என்றேன். "தெரிஞ்ச எடம்."

பதினாறாம் தேதி நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் தேதி சென்னையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. அட்டையைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

எங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. சேருகிற நாளில் அவளுடைய அம்மா கூட வந்தார். கூலி வேலைக்கும் போய், சொந்தமாக இருந்த இரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். நூலகத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன்.

"டவுனு காலேஜு எதுலயாவது போடலாம்னு அவங்கப்பா சொன்னாரு. இவதான், எங்க மேடம் இருக்காங்க, இங்கயே படிக்கிறேன்னா. நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் வுட்டுட்டுப் போறேங்க."

ஒரு பையில் சோளக்கதிர் கொண்டு வந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டு போய் வேகவைத்துச் சாப்பிடவும் மனசில்லை, யாருக்காவது கொடுக்கவும் ஆளில்லை. காய்ந்து போய் வண்டு விழுந்த பிறகு எடுத்துப் போட்டேன்.

அந்த நாலாவது வருஷம் கல்லூரியில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. இரண்டு பிரிவுகளை மூடிவிட்டார்கள். டீமில் ஐந்து பேர்தான் மிச்சம். பயிற்சியில் எதிர்ப் பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்று நானும் பி.டி. சாரும் நிற்போம். நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்திருந்தது. சனிக்கிழமைகள் இருந்தன, இட்லி டப்பா இருந்தது, அவள் இருந்தாள். ஆனால் அவள் 'மேடம்' என்று கூப்பிட்டுப் பந்தை அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழித்த அட்டை நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் நான் நிறையப் பந்துகளைத் தவறவிட்டேன். வயசாயிட்டுது மேடம் என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

பிப்ரவரியில் மறுபடியும் மதுரை. சென்னை டீமும் வருகிறது என்று பட்டியல் வந்தது. அந்தப் பயிற்சியாளர் கட்டாயம் கேட்பார். அவர் வாயிலிருந்து அவளுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று முடிவு செய்தேன். நல்ல மனசால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில்தான் சொன்னேன்.

அரியலூர் ரயில் நிலையத்தில் மதிய ரயிலுக்குக் காத்திருந்தோம். பி.டி. சார் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். மற்றப் பெண்கள் பிளாட்பாரத்தின் அந்தக் கடைசியில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். செந்துறைப் பெண் பந்துப் பையைக் காலிடையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன். சொன்னேன். சென்னையிலிருந்து கூப்பிட்டதை, தேதியை, ஃப்ரீ சீட்டை, எல்லாவற்றையும்.

அவள் பந்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எத்தன நாளு இருந்துச்சு மேடம்? ட்ரையலுக்கு?"

"ஒம்பது நாள்."

"நான் உங்ககிட்ட கேட்டப்ப?"

"அப்பவே தெரியும்."

"ஏன் மேடம்?"

யோசித்து வைத்திருந்த பதில்கள் இருந்தன. சென்னை தூரம், புது ஊர், அவள் அப்பா விடமாட்டார் என்று நினைத்தேன், இப்படி. அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"நீ போயிட்டா டீம் இருக்காது. டீம் இல்லன்னா சனிக்கிழம எனக்குப் போறதுக்கு எடம் இல்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. பக்கத்தில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தது யார் என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு எழுந்தாள். பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மற்றப் பெண்கள் இருந்த இடத்துக்கு நடந்து போனாள். ரயிலில் வேறு பெட்டியில் இடம் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் டீமின் வரலாற்றில் சிறந்த ஆட்டம் என்று மலரில் நான் எழுதியது மறுநாள் நடந்ததைத்தான். இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். முதலாவதில் தோற்றுக்கொண்டே வந்து, கடைசி வாய்ப்பில் அவள் 'ஏலாக்குறிச்சி' என்றாள். எல்லாரும் ஓடினார்கள். அவள் ரிப்பனை உருவ இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஒற்றைக் காலில் நின்று எறிந்தாள். ஜெயங்கொண்டத்துப் பெண் கோட்டுக்கு மேல் பாய்ந்து பிடித்தாள். ஐந்து பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு தரையில் உருண்டார்கள். பி.டி. சார் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். நான் நகைக் கைக்குட்டையைக் கையில் பிடித்தபடி கோட்டுக்கு வெளியே நின்றேன். வேறு நாளாக இருந்தால் யாராவது வந்து என்னையும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதாவது அவள் வந்திருப்பாள். அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது ஆட்டம் சென்னையோடு. தோற்றோம். கை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்தப் பயிற்சியாளர் வந்தார். நேராக அவளிடம்தான் பேசினார்.

"ஏம்மா, போன வருஷம் ஏன் ட்ரையலுக்கு வரல? மேடம்கிட்ட அவ்வளவு சொன்னேனே."

பி.டி. சார் என்ன ட்ரையல் என்பது போல என்னைப் பார்த்தார்.

"வூட்ல வுடல மேடம்," என்றாள் அவள். என்னைப் பார்க்கவில்லை. "மேடம் சொன்னாங்க. எங்கப்பாதான் வேணாம்னுட்டாரு."

பயிற்சியாளர் உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். அவள் குனிந்து பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். இதை எங்கே வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் ஜெயங்கொண்டத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாலு பேரை வைத்து டீம் நடத்த முடியாது. பி.டி. சார் பந்துகளையும் பெல்ட்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த வருஷம் அவரும் துறையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

செந்துறைப் பெண் எம்.எஸ்சி.யை எங்களிடமே முடித்தாள். மீதி ஒன்றேகால் வருஷமும் புத்தகம் எடுக்க வருவாள். 'இத எழுதிக்கோங்க மேடம்', 'இதக் குடுத்துடுறேன் மேடம்' என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை. முடிக்கிற பிள்ளைகள் எல்லாத் துறையிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி நாள் அந்தத் தாளை நீட்டினாள். புத்தகங்களைச் சரிபார்த்தேன். எல்லாம் வந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

"போயிட்டு வரேன் மேடம்," என்றாள்.

"சரிம்மா," என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை யோசித்திருக்கிறேன்.

போன வருஷம், பழைய மாணவி ஒருத்தியின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் அவள் படத்தைப் பார்த்தேன். ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். பிள்ளைகளை ஈட்டி எறியவும் வட்டு எறியவும் பழக்குகிறாள். அரியலூரில் பள்ளிகளுக்கான விளையாட்டுப் போட்டிக்கு அழைத்து வருவதாகப் போட்டிருந்தது. ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

மைதானத்தின் வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றுவிட்டு வந்தாள்.

"வாங்க மேடம். நல்லா இருக்கீங்களா?" பந்தலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து நிழலில் போட்டாள். "உட்காருங்க. சாப்டீங்களா?"

"ஆச்சும்மா," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மைக்கில் அவள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். நான் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அவள் பழக்கிய மாணவி ஒருத்தி வட்டு எறிதலில் நாலாவதாக வந்து அழுதாள். செந்துறைப் பெண் அந்தப் பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, முதுகில் கை வைத்தபடி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் காதில் விழவில்லை.

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போனேன்.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பும்மா. அதச் சொல்லத்தான் வந்தேன். ரயில்வே ஸ்டேஷன்ல எல்லாத்தையும் சொன்னப்பகூட தப்புன்னு சொல்லல."

வேனுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாயிரும் மேடம்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "நெனச்சா கோவம் வருது. அதனால நெனைக்கிறதில்ல. நீங்களும் நெனைக்காதீங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"நீங்க எப்பிடிப் போவீங்க?"

"பஸ்ஸுதான்."

"பாத்துப் போங்க மேடம்."

வேன் ஜெயங்கொண்டம் ரோட்டில் திரும்பியது. ஜன்னலில் இருந்த பிள்ளைகள் யாரென்று தெரியாமலே எனக்குக் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பேருந்து நிலையம்வரை நடந்தேன். பசித்தது. வாசலில் இருந்த கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். பெரம்பலூர் பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்து, பக்கத்துச் சீட்டைக் காட்டி, "இங்க ஆளு வராங்களா?" என்று கேட்டார்.

"இல்லிங்க," என்றேன். "உட்காருங்க."